ஜெயபாக்கியம் குவாத்தமாலா போன கதையில் முக்கால்வாசி

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அது கீழ்வீட்டிலிருந்து படியேறி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்துக்குக் கட்டிப்போன சேலையைக்கூட மாற்றாமல் ஜெயபாக்கியம் அக்கா என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, குவாத்தமாலாவுக்கு எப்படிப் போறது?"

அக்காவும் அவர் கணவர் சாம் அண்ணனும் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர்கள். நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன், மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். போடிக் கடைகளில் குவாத்தமாலா என்ற பெயர் அடிக்கடி காதில் விழும், பெரும்பாலும் வசவாக. அந்த நாட்டிலும் ஏலக்காய் விளைகிறது. அங்கே காய் பெருத்தால் இங்கே விலை படுத்துவிடும்.

"யாவார விசயமாக்கா?"

"சும்மா பாக்கத்தான். நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து அந்த ஊரைத் திட்டிக்கிட்டே இருக்கோம். ஒரு தடவை போயி மூஞ்சியப் பாத்துட்டு வர வேணாமா?"

"அண்ணனும் வர்றாரா?"

"இல்ல. நான் மட்டுந்தான்."

அந்த 'நான் மட்டுந்தான்' காதில் விழுந்ததுமே, விமானப் பாதை பற்றி யோசிப்பதை விட்டுவிட்டேன். கதைதான் ஓடியது. உதவி கேட்டு வந்தவரைப் பாத்திரமாகப் பார்க்கிற வியாதி எழுதுகிற எல்லோருக்கும் உண்டு.

2

தொடக்கங்கள்:

'போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் பனி ஒரு வெண்பட்டைப் போல...' (வேண்டாம். அக்காவுக்குப் பனி என்றால் இருமல்தான்.)

'அவள் பெட்டியை மூடினாள். மூடியபோது தன் பழைய வாழ்க்கையும்...' (அக்கா இன்னும் பெட்டியே வாங்கவில்லை.)

'சாம் இறந்து ஓராண்டு ஆனது. அவர் காண ஆசைப்பட்ட நாட்டைத் தானாவது காண்பதென்று ஜெயபாக்கியம் முடிவு செய்தாள்.'

இது பிடித்துப்போய், மளமளவென்று பாதிக் கதையை எழுதி அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். மறுநாள் காலை நான் இறங்கும்போது, சாம் அண்ணன் வாயில் பிரஷ்ஷோடு படிக்கட்டில் நின்றிருந்தார்.

"என்ன தம்பி, என்னையக் கொன்னுட்டீங்களாமே?"

"கதைக்காகத்தாண்ணே..."

"நெஞ்சுவலியா, விபத்தா? அதையாவது சொல்லுங்க."

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது. அதில் சிரிப்பு இல்லை.

"ஒரு பொம்பள ஒத்தையில ஊருக்குப் போகணும்னா வீட்டுல எழவு விழுந்தாத்தான் ஆகுமா, தம்பி?"

அன்று வகுப்பில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. என் பழைய கதைகளை மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். ஆண்கள் பஸ் ஏறுகிறார்கள், அவ்வளவுதான். பெண்கள் பஸ் ஏறினால் பின்னால் ஒரு சாவோ அடியோ பெரும் துரோகமோ இருக்கிறது. சும்மா பார்த்துவிட்டு வர ஒருத்திகூடக் கிளம்பவில்லை.

அண்ணனை உயிர்ப்பித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

3

உயிரோடு இருக்கும் கணவர் கதைக்குப் பெரிய இடைஞ்சல். அவர் என்ன நினைக்கிறார் என்று எழுதியாக வேண்டும்.

சாம் அண்ணன் போகக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டில் குறை சொன்னார். கடையில் சிடுசிடுத்தார். ஒரு மாலை நான் கடைக்குப் போனபோது, தட்டில் கொட்டியிருந்த காயை விரலால் கிளறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒரு வார்த்தை, நீங்களும் வர்றீங்களான்னு கேட்டாளா தம்பி?"

உள்ளே சாக்குத் தைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. எழுந்து வந்தார்.

"கேட்டா வந்துருவீங்க. அதனாலதான் கேக்கல."

(இந்த இடத்தில் 'சாமின் கண்கள் கலங்கின' என்று எழுதி அடித்தேன். அவர் கண் கலங்கவில்லை. தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, முகம் கழுவப் போனார். முகம் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.)

"அவரு நல்ல மனுசன் தம்பி," என்றார் அக்கா, அவர் போன பிறகு. "வேளாங்கண்ணி போனாலும் ஊட்டி போனாலும் எல்லாத்தையும் அவரே பாத்துக்கிருவாரு. எங்க எறங்கணும், என்ன சாப்புடணும், எல்லாம். நான் சன்னலோரம் உக்காந்து போயி உக்காந்து வந்துருவேன். எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு எனக்கே தெரியல."

4

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த அம்மாளால் முடியுமா? தனியாகத் தேனியைத் தாண்டாதவரைக் கடல் தாண்ட வைத்தால் நீங்கள் நம்புவீர்களா?

அதே சந்தேகம் அக்காவுக்கும் இருந்திருக்கிறது. ஒத்திகை பார்க்கக் கிளம்பிவிட்டார். தெரிந்தவர் யாரும் இல்லாத ஜீப்பில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பூப்பாறையில் இறங்கி, ஓர் இரவு தங்கிவிட்டு வருவது. திட்டம் அவ்வளவுதான்.

தோட்ட வேலைக்குப் போகிறவர்களோடு நெருக்கியடித்து ஏறினார். மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே மழை பிடித்தது. வளைவில் ஒரு மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. டிரைவர் சுருளி இறங்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு இது நகராது. மேல போறவுக நடந்துருங்க. கீழ வர்றவுக ஏறிக்கங்க, திருப்பப் போறேன்" என்றான்.

அக்கா போனை எடுத்தார். டவர் இல்லை. திரும்பும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தும் விட்டார். சன்னலோரம்தான்.

அப்போது எதிர்ச் சீட்டில் வந்த பெண், கீழே நின்று கையை நீட்டினாள். ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவள். அவளுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு இந்தி தெரியாது. அவள் மரத்தைக் காட்டினாள், மேலே காட்டினாள், ஏதோ கேட்டாள். அக்கா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு இறங்கிவிட்டார்.

இருவரும் கைகோத்து மரத்தைத் தாண்டி, மழையில் மெட்டுவரை நடந்தார்கள். அவள் தன் நெஞ்சைத் தொட்டு "ஃபூல்மணி" என்றாள். அக்கா "ஜெயபாக்கியம்" என்றார். அவளால் அதைச் சொல்ல முடியவில்லை, "ஜெயா" என்று வெட்டிக்கொண்டாள். செருப்பு வழுக்கியபோது அக்கா பெருங்குரலில் கர்த்தரைக் கூப்பிட, அவள் அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். மெட்டில் டீ குடித்தார்கள். பிறகு அவள் தன் தோட்டத்துப் பாதையில் இறங்கிப் போய்விட்டாள்.

"அவ போனதும் அந்த ரோட்டுல நான் மட்டும் நிக்கிறேன் தம்பி. அடுத்து என்னன்னு யார்ட்டயும் கேக்க முடியாது. பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நல்லாவும் இருந்துச்சு."

கிடைத்த வண்டியில் பூப்பாறை போய்ச் சேர்ந்தார். லாட்ஜ்காரர் நிமிர்ந்து பார்த்து, "ஒற்றைக்காணோ சேச்சி?" என்று கேட்டார்.

"ஆமா, ஒத்தையிலதான். சுடுதண்ணி வருமா?"

(இதெல்லாம் அக்கா சொன்னது. நான் கண்ணால் பார்த்தது கீழ்வீட்டை. போன் கிடைக்காமல் சாம் அண்ணன் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். ஜீப் ஸ்டாண்டுக்குப் போய் விசாரித்துவிட்டு, அக்கா நடந்தே மேலே போனதாகக் கேள்விப்பட்டுத் திரும்பி வந்தார். "நடந்தா? அவளா?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். லாட்ஜிலிருந்து போன் வந்த பிறகுதான் உட்கார்ந்தார்.)

மறுநாள் அக்கா சேறு படிந்த சேலையோடு வந்து இறங்கினார். அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"காலையில சாப்புட்டியா?"

"புட்டும் கடலையும். நானே கேட்டு வாங்கிச் சாப்புட்டேன்."

5

விசா கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பது அலுப்பான கதை, விட்டுவிடுகிறேன். அந்த வாரங்களில் கீழ்வீட்டிலிருந்து கேட்டதை மட்டும் சொல்கிறேன். அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே பேசுகிற ஸ்பானிய மொழியில் வார்த்தை கேட்பார், அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே பதில் சொல்வார்.

"தண்ணிக்கு?"

"ஆகுவா."

"நன்றிக்கு?"

"கிராசியாஸ்."

"வழி தெரியல, அதுக்கு?"

"அது எதுக்கு? கையக் காட்டுனாச் சொல்லப் போறாங்க."

"இல்ல, படி. வெரசா படி. நான் பக்கத்துல இருக்க மாட்டேன்ல."



6

முடிவுகள்:

அ) மதுரை விமான நிலையத்தில் அக்கா மனம் மாறித் திரும்பிவிடுகிறார். (இதை அவரிடம் சொன்னேன். "எழுதிப் பாரு, வாடகைய ஏத்துறேன்" என்றார்.)

ஆ) கடைசி நொடியில் சாம் அண்ணனும் டிக்கெட்டோடு வந்து நிற்கிறார். ("சினிமாவா எடுக்குறீங்க?" இது அண்ணன்.)

இ) அங்கே ஏலத்தோட்டத்தில் அக்கா ஒரு பெரிய உண்மையை

(உண்மை ஒன்றும் அகப்படவில்லை. வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.)

நடந்தது இது. அக்கா போனார். பல விமானங்கள் மாறி, வழியில் ஒருமுறை தவறான வரிசையில் நின்று, கோபான் என்ற மலை ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். நேற்று ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தார். கடையில் வைத்து நானும் அண்ணனும் சேர்ந்து கேட்டோம்.

"தம்பி, அவர்ட்டயும் போட்டுக் காட்டு. நம்ம மலை மாதிரியே இருக்கும்னு நெனச்சு வந்தேன். இல்ல, இது வேற பச்சை. காய் மட்டும் அதே வாசம். இன்னைக்கு ஒரு அம்மா தோட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போச்சு. வெலை சரியில்லன்னு அதுவும் யாரையோ திட்டுச்சு. நம்மளத்தான் போல. அப்புறம் ரெண்டு பேரும் ஒரு மேட்டுல ஏறுனோம். அங்க நின்னு பாத்தா..."

ஒரு கோழி கொக்கரித்தது. அக்கா தனக்குள் சிரிப்பது கேட்டது.

"வேணாம். சொன்னா நீ எழுதிப்புடுவ. இது எங்கிட்டயே இருக்கட்டும். வச்சிர்றேன்."

அண்ணன் இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன். முடிந்ததும் தாடையைத் தடவிக்கொண்டார்.

"என்னத்தப் பாத்திருப்பா?"

"வந்ததும் கேளுங்கண்ணே."

"சொல்ல மாட்டா, தம்பி." அதைப் பெருமையாகச் சொன்னார்.

ஆக, என் கதைக்குக் கடைசிக் கால்வாசி கிடைக்கவில்லை. அது கோபானில் ஒரு மேட்டின்மேல் நிற்கிறது. அங்கே என்ன இருந்தது என்று உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அதையே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் எழுதிவிடுவேன்.