அரிசிக்கு வைத்த விரல்

கனடாவின் மொன்றியல் நகரில், லாசால் பகுதியில் இருந்த தன் வீட்டுச் சமையலறையில் திருமாறன் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோதுதான் மட்டக்களப்பிலிருந்து தங்கச்சி யோகராணி அழைத்தாள். அது 2007 பங்குனி மாதம். சண்டையில் ஊரை விட்டு ஓடிய அவளும் புருசன் சிவராசாவும் பிள்ளைகளோடு அகதி முகாமில் கிடந்தார்கள்.

"அண்ணா, அரிசி எடுக்கோணுமெண்டா கைரேகை வைக்கட்டாம். இவருக்குப் பயமா இருக்கு. முந்தி ஆமி சுற்றிவளைப்பில பிடிச்சு, ரேகை எடுத்துப்போட்டுத்தானே விட்டவங்க."

திருமாறன் சிரித்தான். முகாம்களுக்கு அந்தக் கைரேகை இயந்திரத்தைக் கொடுத்த நிவாரண நிறுவனத்தின் மொன்றியல் அலுவலகத்தில்தான் அவனுக்கு வேலை. அதற்கான கணினி நிரலை எழுதியவனும் அவனே. ஒருவர் பங்கை இன்னொருவர் அள்ளிப் போகாமல் அது தடுக்கும் என்று அவனுக்குப் பெருமை வேறு.

"விசரா உங்களுக்கு? அது அண்ணன் செஞ்ச மெஷின் புள்ள. அரிசிக்கு மட்டுந்தான். வேற ஒருத்தருக்கும் குடுக்க மாட்டம். மச்சானைப் போய் வைக்கச் சொல்லு."

அண்ணன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சில்லை. சிவராசா விரலை வைத்தான்.

சித்திரை பிறந்த பிறகு அவள் மறுபடி அழைத்தாள்.

"ஜீப்பில வந்து இவர ஏத்திட்டுப் போயிட்டாங்க. ஆரெண்டும் சொல்லல்ல. அரிசிக்கு வைச்ச ரேகை பழைய ரேகையோட பொருந்துதாம். நீங்க சொன்னபடியாத்தானே அண்ணா வைச்சவர்."

மறுநாள் காலை, திருமாறன் பனி படிந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் மேலாளரின் அறைக்குள் போனான். அந்தப் பிரெஞ்சுக்காரர் எதையும் மறைக்கவில்லை.

"அரசாங்கத்தினர் ரேகைகளைக் கேட்டார்கள், கொடுத்தோம். இல்லையென்றால் எங்களை முகாமுக்குள் விடமாட்டார்கள்."

"எல்லாவற்றையும் அழித்துவிடலாமே?"

"அவர்களிடம் பிரதி போய்விட்டதே."

சிவராசாவைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. யோகராணியும் அண்ணனை அழைக்கவில்லை.

இலையுதிர்காலத்தில், வேறொரு நாட்டு முகாம்களுக்கும் அதே இயந்திரத்தை அமைக்கச் சொன்னார் மேலாளர். திருமாறன் முடியாது என்றான்.

"ஏன்? அங்கேயும் மக்கள் சம்மதித்துத்தானே வைக்கப்போகிறார்கள்?"

"பிள்ளை பசியில் அழும்போது எந்தத் தகப்பன் மறுப்பான்? அதற்குப் பெயர் சம்மதம் இல்லை. அதை யோசிக்காமல் நான் என் தங்கச்சி புருசனையே வைக்கச் சொன்னேன். உதவி செய்கிறவன் சோற்றைக் கொடுத்துவிட்டு விலகவேண்டும். அதைச் சாட்டாக வைத்து, வாங்குகிறவனின் உயிரைப் பிறர் கையில் கொடுப்பது உதவி இல்லை, காட்டிக்கொடுப்பு."