ஊசி படாத வீடு

மணலக்குடியில் வைரக்கண்ணு வீட்டுக்கு இன்னொரு பெயர் உண்டு. ஊசி படாத வீடு. அவருடைய பாட்டனார் காலத்தில் அம்மை குத்த வந்த சர்க்கார் ஆளை வாய்க்கால் மதகிலேயே நிறுத்தி, இளநீர் வெட்டிக் கொடுத்து, வந்த வழியே திருப்பி அனுப்பினாராம். அடித்து விரட்டினார் என்று சொல்பவர்களும் இருந்தார்கள். வைரக்கண்ணு இளநீர்க் கதையைத்தான் சொல்வார். வந்தவனைத் தாகத்தோடு அனுப்புகிற குடும்பம் இல்லை அது. அன்றிலிருந்து அந்த வம்சத்தில் சர்க்கார் ஊசி பட்ட தோள் கிடையாது என்பது பேச்சு. ஊராட்சித் தலைவராகி இரண்டு வருடம் ஆன பிறகும் அந்தப் பேச்சைப் பதவியைவிட ஒரு படி மேலேதான் வைத்திருந்தார் அவர்.

அந்தத் தோளில் ஊசி பட்டாகிவிட்டது.

கொரோனாவின் இரண்டாவது சுற்றில், வைகாசி மாதம், அவருடைய பெரியப்பா மகன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய உடல் வீட்டுக்கு வராமல் நேரே சுடுகாட்டுக்கு வந்தது. வாய்க்கரிசி போட முகம் தெரியவில்லை. பங்காளிகள் எல்லாம் வேலிக்கு அப்பால் நின்றார்கள். வைரக்கண்ணுவும் வேலிக்கு அப்பால்தான் நின்றார். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. லேசாகத் தொண்டை கரகரத்தாலும் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

சிங்கப்பூரிலிருந்து மகன் சூர்யபிரகாஷ் போனில் நச்சரித்தான். "போட்டுக்குங்கப்பா. வம்சப் பெருமையையும் சேத்துத்தான் பிளாஸ்டிக்ல சுத்துவாங்க."

ஆனியில் நாகப்பட்டினத்துக்கு, மச்சினி வீட்டில் விசேஷம் என்று சொல்லிப் போனார். காரோட்டிய ரெத்தினத்தைக் கடைத்தெருவிலேயே இறக்கி டீ குடிக்கச் சொல்லிவிட்டு, மனைவி சாவித்திரியோடு நடந்துபோய் ஊசி போட்டுக்கொண்டார். இரண்டு நாள் காய்ச்சலில் மச்சினி வீட்டிலேயே படுத்திருந்தார். புரட்டாசியில் இன்னொரு விசேஷம் வந்தது. இரண்டாவது ஊசியும் ஆயிற்று.

இது யாருக்கும் தெரியாது என்று இருந்தார்.

மார்கழி தொடக்கத்தில் சுகாதாரச் செவிலியர் கமருன்னிஸா ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தார். ஊசி போடாதவர்களுக்கு நூறு நாள் வேலையும் ரேஷனும் கிடையாது என்று மேலிருந்து வாய்வழி உத்தரவு வந்திருந்தது. அன்று காலையில்தான் காளியம்மாள் கிழவியை வாய்க்கால் வேலையிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவள் மண்வெட்டியோடு அலுவலக வாசலில் உட்கார்ந்து, ஊசியைக் கண்டுபிடித்தவன் குடும்பத்தையே வைதுகொண்டிருந்தாள்.

"தலைவரே, நாளைக்குப் பள்ளிக்கூடத்துல முகாம். மேடையில மொத ஆளா நீங்க போட்டுக்கிட்டா ஊரே பின்னாடி வந்துடும்" என்றார் கமருன்னிஸா. "உங்க ஆதார் நம்பர் மட்டும் குடுங்க. இப்பவே போன்ல பதிஞ்சுடுறேன்."

நம்பரைத் தட்டினால் நாகப்பட்டினம் வெளியே வந்துவிடும். வைரக்கண்ணுவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"நம்பர் எதுக்கும்மா? ஏழை பாழைங்க சோத்துல மண்ணப் போடுறதுக்கா? கெழவிய வேலைக்கு வராதேன்னு வெரட்ட உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது? கட்டாயப்படுத்தி ஊசி போடுற வேலையெல்லாம் என் ஊராட்சிக்குள்ள நடக்காது!"

வாசலில் காளியம்மாள் வைவதை நிறுத்திவிட்டு, "அப்படிச் சொல்லுங்க சாமி!" என்றாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. செய்தி தெருத்தெருவாகப் போய், சாயங்காலத்துக்குள் பக்கத்து ஊராட்சித் தலைவர்கள் போனில் வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

சிறப்புக் கூட்டம் கூடியது. ஊசி போடாதவர்களுக்கு வேலையும் ரேஷனும் மறுப்பதை இந்த ஊராட்சி ஏற்காது என்று செயலர் பரணிதரன் தீர்மானம் எழுதி வாசித்தார். அதில் தப்பே இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். மூன்றாவது வார்டு உறுப்பினர் செந்தாமரை மட்டும் எழுந்து, "தீர்மானம் நல்லாயிருக்கு தலைவரே. விருப்பப்பட்டவங்க போட்டுக்கலாம்னு ஒரு வரி சேத்துடுங்க" என்றாள்.

அவள் 'தலைவரே' என்று கூப்பிடுவதே வைரக்கண்ணுவுக்குப் பிடிக்காது. அவள் மாமனார் வரை அந்தத் தெருவில் எல்லாருக்கும் அவர் 'அய்யா'தான்.

"விருப்பமாவது! ஒருத்தன் போய் நின்னா ஊர்க் கட்டு போச்சு. எல்லாரும் வாங்க ஐயனார் கோயிலுக்கு. சூடம் அணைச்சுட்டுத் தெளிவா இருப்போம்."

அதை யோசித்துச் சொல்லவில்லை. நாக்கு சொல்லிவிட்டது. சொன்ன பிறகு பின்வாங்குகிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஐயனார் முன்னால் எரிகிற சூடத்தை முதலில் அவர் உள்ளங்கையால் அடித்து அணைத்தார். தன் வீட்டில் யாரும் ஊசி போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று வீட்டுக்கு ஒருவராக வந்து அணைத்தார்கள். இனிமேல் போடுவதைப் பற்றித்தானே சத்தியம், போட்டுக்கொண்டதைப் பற்றி இல்லையே என்று வைரக்கண்ணு தனக்குள் சொல்லிக்கொண்டார். உள்ளங்கை மட்டும் வீடு வந்து சேரும்வரை எரிந்துகொண்டிருந்தது.

அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். காளியம்மாளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. வைரக்கண்ணு தலைப்பாகை கட்டாத குறையாக ஊருக்குள் நடந்தார்.

தையில் சம்பா அறுவடை. நெல் கொள்முதல் நிலையத்து வாசலில், பனிக்குப் போர்த்திய தார்ப்பாயை விலக்கி நெல்லைக் காயவிட்டுக்கொண்டிருந்தபோது காத்தான் வந்தான். வைரக்கண்ணுவின் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவன் அவன். ஒரு நாளும் குத்தகை நெல்லில் பதர் கலந்து அளந்ததில்லை. பின்னால் அவன் மகள் செம்மொழி நின்றாள். தஞ்சாவூரில் நர்சிங் படிக்கிறவள்.

"அய்யா, ஒரு சங்கடம்" என்றான் காத்தான். "பாப்பாவ காலேஜுல வார்டுக்குள்ள விட மாட்டேங்கிறாங்க. ஊசி போட்ட சர்ட்டிபிகேட் வேணுமாம். இந்த மாசம் போகலன்னா ஒரு வருசம் போயிடுமாம்."

"பேசிப் பாக்கலாம். யாரு பிரின்ஸிபால்?"

"பேசிப் பாத்தாச்சுங்க" என்றாள் செம்மொழி. "நான் போட்டுக்கத் தயார். எங்க அப்பாதான் வேணாங்கிறாரு. வீட்டுக்காகச் சூடம் அணைச்சது அவரு கையி. நான் போட்டா அது அவரு தலையில விடியும்ங்கிறாரு."

"பாப்பா, சும்மா இரு."

"இருக்கேன்ப்பா. ஒண்ணே ஒண்ணு. அரசாங்கம் போட்டே ஆவணும்னுச்சு. இவுங்க போடவே கூடாதுன்னாங்க. எங்கிட்ட ரெண்டு பேருமே கேக்கல."

வைரக்கண்ணு நெல்லைக் கையில் அள்ளி ஈரம் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

காத்தான் குரலைத் தாழ்த்தினான். "பூசாரியக் கேட்டேங்க. மொதல்ல அணைச்ச கை மறுபடி சூடம் ஏத்துனா சத்தியம் திரும்பிடுமாம். ஏன் அணைச்சோம்னு ஊர் கேக்க உண்மையச் சொல்லிட்டு ஏத்தணுமாம். பொய் சொல்லி ஏத்துனா, சொன்னவங்க தலையிலயே ரெண்டு பங்கா விழுமாம். உங்களுக்கு அதுல என்னங்க கஷ்டம்? நீங்க எங்களுக்காகத்தானே அணைச்சீங்க. அதைச் சொல்லி ஏத்திடுங்க அய்யா."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் மறுபடி முகாம் இருந்தது. அன்று காலையே ஏற்றுவதாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் சாவித்திரி கேட்டுவிட்டுச் சாதக் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன சொல்லி ஏத்தப் போறீங்க?"

"நாட்டு நெலம மாறிப்போச்சுன்னு சொல்லுவேன்."

"ஐயனாரு என்ன பத்திரிகைக்காரரா, அறிக்கை குடுத்து அனுப்ப?"

"என்னை என்ன செய்யச் சொல்றே? எங்க பாட்டன் பேரை நடுக்கோயில்ல போட்டு ஒடைக்கவா?"

"அந்தப் பேர இப்ப ஒரு பொண்ணு படிப்பு தூக்கிக்கிட்டு நிக்குது" என்றாள் அவள். "மோர் ஊத்தவா?"

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகமாக இருந்தது. அறுவடை நேரத்தில் இத்தனை பேர் வருவார்கள் என்று அவர் நினைக்கவில்லை. காத்தான் குளித்துவிட்டு வெள்ளை வேட்டியில் மகளோடு முன்னால் நின்றான். பூசாரி தட்டில் சூடத்தை வைத்துத் தீப்பெட்டியை நீட்டினார்.

"அன்னிக்கு இருந்த நெலம வேற" என்று ஆரம்பித்தார் வைரக்கண்ணு. தலைவர் குரல்தான் வந்தது. "இப்ப மூணாவது அலை வருதுங்கிறாங்க. பிள்ளைங்க படிப்பு கெடுது. அதனால ஊர் நன்மைய உத்தேசிச்சு..."

"அது ஏன் மாத்துறீங்கங்கிறதுங்க" என்றார் பூசாரி மெல்ல. "ஏன் அணைச்சீங்கன்னு சொல்லணும்."

"காளியம்மா வேலைய மறிச்சாங்க. ஏழைங்களுக்காக அணைச்சேன்."

அதில் பாதி உண்மை இருந்தது. பூசாரி தட்டைக் கிட்டே கொண்டுவரவில்லை.

"போதும் தலைவரே. ஏத்துங்க" என்றாள் செந்தாமரை. மிகவும் அவசரமாகச் சொன்னாள்.

அந்த அவசரம்தான் அவரை நிமிர்ந்து பார்க்க வைத்தது. ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. ரெத்தினம் கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். பரணிதரன் அணைந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தியில் பெரிய மனிதர் ஒருவருக்கு வேட்டி அவிழ்ந்தால் ஊர் இப்படித்தான் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். வைரக்கண்ணுவின் விரலில் தீக்குச்சி அப்படியே நின்றது.

"ஏத்தச் சொல்லுங்கடா, கருது காயுது!" என்றாள் காளியம்மாள். காது மந்தமான அவளுக்கு மெல்லப் பேச வராது. "அவுக நாகப்பட்டினத்துல போட்டுக்கிட்டது ஊருக்கே தெரிஞ்ச கதை. இதுல என்ன சாமிகிட்ட வெளக்கம்?"

செந்தாமரை நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஏ கெழவி, வாய மூடு!" என்று காத்தான் திரும்பிச் சீறினான். "யாரப் பாத்துச் சொல்ற? சூடம் அணைச்ச கைய்யி அது. அய்யா அப்படிச் செய்வாங்களா?" பிறகு வைரக்கண்ணு பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க அய்யா. இவ வாய அடைக்கிற மாதிரி ஒரு வார்த்த சொல்லிட்டு ஏத்துங்க."

இல்லை என்று சொன்னால் காத்தான் நம்பிவிடுவான். அந்தக் கூட்டத்தில் நம்புகிறவன் அவன் ஒருவன்தான் என்பது வைரக்கண்ணுவுக்கு அப்போதுதான் புரிந்தது. பொய் சொல்லி ஏற்றினால் சூடம் எரியும், சத்தியம் திரும்பாது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் முகாமுக்குப் போவான், எல்லாம் சரியாகிவிட்டது என்று. அப்படி ஆகவில்லை என்பது அவனைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

"போட்டுக்கிட்டேன் காத்தா."

"எப்பங்க?"

"ஆனியில ஒண்ணு. பொரட்டாசியில ஒண்ணு."

காத்தான் மாதங்களை மனதுக்குள் வரிசைப்படுத்துவது முகத்தில் தெரிந்தது. "அப்ப மார்கழியில சூடம் அணைக்கையில..." என்றவன் முடிக்கவில்லை.

"பயம்" என்றார் வைரக்கண்ணு. "பெரியப்பா மவனப் பாத்த பயம். அப்புறம் அது வெளிய தெரிஞ்சுடுமேங்கிற பயம். அந்தம்மா நம்பர் கேட்டப்ப அதுக்காகத்தான் சத்தம் போட்டேன். காளியம்மா பேரைச் சும்மா இழுத்துக்கிட்டேன்."

காத்தான் ரெத்தினத்தைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"டீக்கடைக்கு நேர் எதிருலதான் ஆஸ்பத்திரி" என்றான் ரெத்தினம் தரையைப் பார்த்தபடி.

"செந்தாமர, உனக்கு?"

"தெரியும் மாமா. அணைச்ச கையே அப்படின்னப்புறம் என்ன சத்தியம்னு, பாதிப் பேரு நீடாமங்கலத்துல போயிப் போட்டுக்கிட்டு வந்தாச்சு. அய்யா மானம் எதுக்குப் போவணும்னு யாரும் வெளிய பேசல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட எப்படி மாமா சொல்றது? நீ ஒருத்தன்தான் அவுங்க சொன்னத நெசம்னு வச்சிருந்த."

அவள் 'அய்யா' என்று சொன்னதை வைரக்கண்ணு கவனித்தார். இத்தனை நாள் எதிர்பார்த்த சொல். அது காதில் ஈயமாக இறங்கியது. தன் மானத்தைத் தான் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக அவர் நினைத்திருந்தார். அவர் தெருவும் காத்தான் தெருவும் சேர்ந்து, அவருக்குத் தெரியாமல், அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. அந்தப் பாரம் முழுவதும் ஒரு பெண்ணின் படிப்பின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது.

"ஏத்துங்க" என்றான் காத்தான்.

முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதில் சூடம் பற்றிக்கொண்டது. அவர் தட்டைத் தூக்கிக் காட்டினார். பூசாரி அடியில் ஒரு கை கொடுத்தார்.

தட்டு இறங்குவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. போகிறபோது ஒவ்வொருவரும் வழக்கம்போல் "வர்றோங்க" என்று சொல்லிவிட்டே போனார்கள். யாராவது ஒருவர் காறித் துப்பியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. செம்மொழி அவரை நேராக ஒரு தடவை பார்த்தாள். கோபம்தான். அவருக்கு அது ஒன்றுதான் அந்தக் காலையில் கிடைத்த மரியாதையாகத் தோன்றியது.

அந்தக் கோயிலில் முதல் விபூதி அவர் வீட்டுக்கு. பாட்டனார் காலத்து வழக்கம். பூசாரி தட்டோடு வந்து நின்றார்.

"காத்தானுக்குக் குடு" என்றார் வைரக்கண்ணு.

பூசாரி திரும்பிப் பார்த்தார். காத்தான் மகளோடு வரப்பில் இறங்கிப் பள்ளிக்கூடத்துப் பக்கம் பாதி தூரம் போயிருந்தான். வேகமாகத்தான் நடந்தான்.

"அவுரு போயிட்டாருங்க" என்றார் பூசாரி. "பிடிங்க, காத்துல பறக்குது."

வைரக்கண்ணு கையை நீட்டினார்.