நாற்பது கடல்மைல்

வணிகக் கப்பல் கல்லூரி கரையிலிருந்து நாற்பது கடல்மைல் தள்ளிப் போயிருந்தது. காலையில் அறிவிப்புப் பலகையில் சாக்பீஸால் எழுதிப் போட்டிருந்தார்கள். கடலில் இடமறியும் பாடம் நடத்தும் மிராண்டா வாத்தியார் அதை இரண்டு தடவை படித்தார். அன்று மாலை நான்கு மணிக்கு ஊர் மாதா கோயிலில் அவர் மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம்.

இந்தக் கல்லூரியின் வரலாறே ஒரு மாதிரிதான். ஆதியில் அது ஒரு சரக்குக் கப்பலில் நடந்தது. ஒரு புயலில் கப்பல் தரைதட்டி மணலில் ஏறியது. இழுத்துவிட ஆள் வரவில்லை. சரி போகட்டும் என்று சுற்றிலும் சுவர் எழுப்பிவிட்டார்கள். அதனால்தான் சன்னல்கள் வட்டம், நிலைப்படிகள் முழங்கால் உயரம். கப்பல் என்ற பதிவை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. தினமும் உச்சிவேளையில் சூரியனை அளந்து, கட்டடம் எங்கே இருக்கிறதென்று ஏட்டில் எழுதியாக வேண்டும். எண்பது வருஷமாக ஒரே இடம்தான். நேற்று மட்டும் வேறு.

சன்னலுக்கு வெளியே டீக்கடை இருந்தது. பஸ் ஸ்டாப்பும் இருந்தது. மிராண்டா லீவு கேட்டது போன வாரம், கட்டடம் நகர்ந்தது நேற்று. இதில் என்னவோ சூது இருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

முதல்வர் அறைக்குப் போனார். நடைகூடம் வழக்கத்தைவிட நீண்டிருந்தது. பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார்.

"நடுக்கடல்ல யாருக்கும் லீவு கிடையாது வே," என்றார் முதல்வர் பொன்னையா.

"டீக்கடை தெரியுது சார்."

"அதுவும் கூடவே வருது."

"எதுக்கு?"

"பிள்ளைகளுக்கு டீ வேண்டாமா?"

மிராண்டாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "ஏட்டுல எவனோ பொய் எழுதியிருக்கான் சார்!"

"அப்ப இன்னைக்கு நீரே அளந்து எழுதும். தப்புன்னா பூட்டின கேட்டைத் திறந்து விடுதேன்."

அங்கேதான் மனுஷன் மாட்டிக்கொண்டார். டீக்கடையைப் பார்த்தால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். போதாது. கண்ணை நம்பாதீர்கள், கருவியை நம்புங்கள் என்று முப்பது வருஷம் பாடம் நடத்திய வாய் அது. மொட்டைமாடியில் நின்று, மண்டை பிளக்கிற வெயிலில் மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் நாற்பது மைல். தன் விரல்களையே சந்தேகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனாலும் நாற்பது என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றரை மணிக்கு ஜெசிந்தா கல்யாணச் சேலையோடு ரோட்டைக் கடந்து வந்து, அவர் வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே நின்றாள்.

"அப்பா! சாமியார் காத்துக்கிட்டு இருக்காரு. என் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போக ஆள் இல்ல. வாங்கப்பா!"

அவர் சன்னலுக்கு ஓடினார். கையை வெளியே நீட்டினார். அவளும் எட்டிப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் சேலையைக் கவனித்தார். சேலைக் கரையில் ரோட்டுப் புழுதி ஒட்டியிருந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை.

கையை மெதுவாக உருவிக்கொண்டார்.

"நீ யாரும்மா?"

"என்னப்பா இது! நான் ஜெசிந்தா."

"நாப்பது மைல் தண்ணி," என்றார். பிறகு சன்னலைச் சாத்தித் திருகாணியை இறுக்கினார்.