சாலைக்கு இந்தப்பக்கம்

குற்றாலத்தில் சாரல் விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. மங்குஸ்தான் கடையின் தார்ப்பாய்க்கு அடியில் நின்றபடி கோமதிசங்கர் கேமராவைக் கண்ணில் வைத்தான். சாலைக்கு அந்தப்பக்கம், சத்திரத்தின் திறந்த கூடத்தில், தங்கை உமா மகேஸ்வரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முகம் சின்னதாகத்தான் தெரிந்தது. லென்ஸ் அவ்வளவுதான் எட்டும். மலையில் இருவாச்சிப் பறவைகளைப் படமெடுத்துப் பழகிய விரல் தானாகவே கிராப் மோடைப் போட்டது. ஓரங்களை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் கேமரா காட்ட, உமா சட்டென்று கிட்டத்தில் வந்துவிட்டாள். மெலிந்திருந்தாள்.

நான்கு வருடத்துக்கு முன், ரவியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொன்னபோது, "எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி கெடையாது" என்று தெருவே கேட்கும்படி சொன்னவன் அவன். கல்யாணத்துக்குப் போகவில்லை. பிள்ளை பிறந்ததற்கும் போகவில்லை. கோபம் எப்போதோ வடிந்துவிட்டது. சொன்ன சொல்தான் நடுவில் கிடந்தது. காதுகுத்துக்கு அவள் ஃபோன் பண்ணியது அவன் மனைவி வடிவுக்கு.

"பிள்ளைய ஒங்க மடியில வச்சுத்தான் குத்தணுமாம். மாமன் வராமக் குத்த மாட்டேங்கா" என்று வடிவு வந்து சொன்னாள்.

"நீ போயிட்டு வா. எனக்குப் படம் எடுக்கப் போணும்" என்றிருந்தான். ஆனால் மலைக்குப் போகாமல் இங்கே வந்து நின்றான்.

மாமனுக்குப் போட்ட மணை காலியாகக் கிடந்தது. காது குத்த வந்த ஆசாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உமா குனிந்து அவரிடம் ஏதோ கெஞ்சினாள். முப்பது அடி எடுத்து வைத்தால் போய்விடலாம். ஆனால் அத்தனை பேர் முன்னால் போய் என்ன சொல்லி உட்காருவது? இன்னும் ஒரு படம், இன்னும் ஒரு படம் என்று கண்ணை எடுக்காமல் நின்றான். கடைசியில் உமாவே மணையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டாள். பிள்ளை வீறிட்ட சத்தம் சாலையைத் தாண்டி வந்தது. பையை மூடிக்கொண்டு நடந்துவிட்டான்.

மதியம் வடிவு மேலகரத்து வீட்டுக்குத் திரும்பினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்படி என்ன வீம்பு ஒங்களுக்கு? ரவி அண்ணன் சத்திரத்துப் படியில நின்னு கையக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டாவ. நீங்க கேமராவக் கீழ எறக்கவே இல்ல."

"படியிலயா? நான் பாக்கல வடிவு. சத்தியமா அவரப் பாக்கல."

"வேணும்னேதான் நிக்கீங்கன்னு எல்லாரும் நெனச்சாங்க. 'எங்க அண்ணன் வேடிக்கை பாக்கத்தான் வந்திருக்கான், மதினி'ன்னு சொல்லிட்டு உமாவே போயி உக்காந்துட்டா."

உமாவின் எண்ணுக்கு அடித்தான். முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தான். எடுக்கவில்லை.

கேமராவின் சின்னத் திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். உமா அவனைப் பார்க்கவே இல்லை. படத்துக்குப் படம் அவள் கண் இடது பக்கமே, படி இருந்த பக்கமே போயிருந்தது. ஒன்றில் உதடு லேசாக விரிந்திருந்தது, யாரோ வந்தேவிட்டது போல. விரலால் பெரிதாக்கி அந்தப் பக்கமாக நகர்த்தினான். அவள் தோள் வந்தது, கூடத்துத் தூணில் பாதி வந்தது. அதற்கு மேல் நகரவில்லை; கேமரா விட்டுவிட்ட ஓரம் அங்கேதான் தொடங்கியது.