பழைய மணி

நோன்புப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள், ஞாயிறு. மொராக்கோவின் ஃபெஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் துரியாவைத் தவிர யாரும் இல்லை. எல்லோரும் ஊருக்குப் போய்விட்டதால்தான் உலை அவளுக்குக் கிடைத்தது.

ஆலிவ் கொட்டையை அமிலத்தில் ஊறவைத்து, காற்றுப் படாமல் சுட்டால் கரி. அந்தக் கரி தோல் பதனிடும் பட்டறையின் சாயத் தண்ணீரைத் தெளியவைக்கும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டறைக்காரர் பூசெல்ஹாம், மரியாதையாகச் சொன்னால் ‘சி பூசெல்ஹாம்’, ஒரே ஒரு தடவை பார்க்கச் சம்மதித்திருந்தார். நாளை காலை, ஒரு வாளி சாயத் தண்ணீர். அதற்கு நூறு கிராம் கரி வேண்டும்.

உலையின் வெப்பமானி செத்துப்போய் நாளாயிற்று. மணிதான் கணக்கு. பகல் பன்னிரண்டுக்கு அணையும்படி நேற்று மாலையே உலையின் கடிகாரத்தில் வைத்திருந்தாள். காலையில் வந்து, காற்றை விரட்டும் நைட்ரஜனைத் திறந்து உலையைப் போட்டுவிட்டு, அறைக்குப் போய்ப் படுத்தாள். அணைந்தபின் மூன்று மணி நேரம் ஆறினால் போதும். கைபேசியில் மூன்றானதும் வாயுவை மூடி, கதவைத் திறந்தாள்.

கரி சிவந்தது.

பதறிக் கதவை அறைந்தாள். வாயுவை மறுபடி திறந்தாள். அப்போதுதான் அம்மா அழைத்தாள், சொந்த ஊர் எர்ரஷிதியாவிலிருந்து.

"எல்லாரும் வந்தாச்சு, நீ ஒருத்திதான் இல்ல. பலகாரத்த உன் தங்கச்சி தின்னே தீர்த்துட்டா. மூணு மணிக்கு வேலை முடியும்னியே, எந்த மணி? பழைய மணியா, புது மணியா?"

துரியா உலையின் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டேகால். நோன்பு மாதத்துக்காக ஒரு மணி பின்னே வைத்திருந்த ரமலான் நேரம் ராத்திரியோடு முடிந்து, ஊரே ஒரு மணி முன்னே போயிருந்தது. கைபேசி தானாக மாறிக்கொண்டது. உலையின் கடிகாரத்தை மாற்ற ஆளில்லை. கரி ஆறியது இரண்டு மணி நேரம்தான்.

"என்னடி, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."

"சாப்டியா?"

"ம்."

இரண்டு மணி நேரம் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு திறந்தாள். மேலே வெள்ளைச் சாம்பல், அடியில் கறுப்பு. சாம்பலை ஒதுக்கி நிறுத்தாள். ஐம்பத்திரண்டு கிராம்.

யாருக்கும் அவளாகப் போன் செய்வதில்லை. எண்ணை மூன்று முறை எடுத்து மூன்று முறை வைத்தாள். நான்காவது தடவை மணி அடித்துவிட்டது.

"சி பூசெல்ஹாம், நாளைக்கு… அரை வாளித் தண்ணிக்குத்தான் முடியும். பாதி எரிஞ்சுபோச்சு. உலைக் கடிகாரத்த மாத்தல."

அந்தப் பக்கம் சிரிப்பு.

"நானும் இன்னைக்குப் பஸ்ஸ விட்டேன், உஸ்தாதா. அரை வாளிக்கே கொண்டு வா. ஆனா எட்டு மணிக்கு. புது எட்டு!"

அவளும் சிரித்தாள். அவர் வைத்துவிட்டார். காலி ஆய்வகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

கரியைக் கழுவத் தண்ணீரைத் திறந்தாள். உலையின் கடிகாரத்தைத் திருத்தவில்லை. அம்மாவின் சமையலறைக் கடிகாரத்தையும் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்; அங்கேயும் இப்போது அதே பழைய மணிதான்.