வலிக்காத கால்

சலூன்காரரின் மனைவி அப்போதுதான் கூடத்தைத் துடைத்து முடித்திருந்தாள். ஈரம் காய்வதற்குள் அவர் குளித்துவிட்டு நடந்து வந்தார். வலது கால் பதிந்த இடத்திலெல்லாம் பழுப்பாக ஒரு பொட்டு.

"என்னங்க, கால்ல என்ன?"

"ஒண்ணுமில்லையே."

உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே, காய்த்துப்போன தோலின் நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு பள்ளம். உள்ளே கசிந்துகொண்டிருந்தது.

"இது வலிக்கலையா உங்களுக்கு?"

"வலிச்சா சும்மா இருப்பேனா? ஊசி போட்டாலே ஊரைக் கூட்டுறவன் நான்."

அது உண்மைதான். சர்க்கரை வந்து பல வருடங்களாகிவிட்டன. மாத்திரையை மறந்ததே இல்லை. காலைக் குனிந்து பார்க்க வேண்டும் என்றுதான் அவருக்குத் தோன்றியதே இல்லை.

மருத்துவமனையில் டாக்டரம்மா காய்ப்பைச் சீவி எடுத்தார். உள்ளேயிருந்து இடுக்கியில் வந்தவை குட்டைக் குட்டையான மயிர்த் துண்டுகள்.

"கடையில செருப்பு போடமாட்டீங்களா?"

"வெறுங்கால்தான் டாக்டர் எனக்கு வசதி."

வெட்டி விழுந்த முடி முள்ளைப்போல உள்ளே இறங்கியிருந்தது. அதன்மேலேயே அவர் நாளெல்லாம் நின்றிருக்கிறார்.

"கண்ணை மூடிக்கங்க. தொடும்போது சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, டாக்டர் ஒரு நைலான் இழையால் அவர் பாதத்தைத் தொட்டார். விரல் நுனியில் தொட்டார், நடுவில் தொட்டார், குதிகாலில் தொட்டார். இழை ஒவ்வொரு தடவையும் வளைவதை மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை இறுக மூடி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், "ஆரம்பிங்க டாக்டர், நான் தயார்" என்றார்.

டாக்டர் இழையைத் தட்டில் வைத்தார். மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கால்ல உணர்ச்சி போயிடுச்சு சார். எனக்குப் புண்ணைவிட அதுதான் பயம். மருந்து பாதிதான் செய்யும். மீதி, நீங்க இந்தக் காலை மிதிக்காம இருக்கிறதுலதான் இருக்கு."

முழங்கால்வரை வரும் கனத்த பூட்ஸ் ஒன்றைக் கொடுத்தார்கள். தூங்கும்போது தவிர எப்போதும் அது காலில் இருக்க வேண்டும், நிற்கவே கூடாது.

மனைவிக்கு ஒரு லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. லிஃப்ட் பாதி வழியில் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுவார்கள். ஆள் வரும்வரை அவர்களிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். இடையிடையே அவருக்கும் போன் செய்வாள்.

"பூட்ஸ் கால்ல இருக்கா?"

"இருக்கும்மா."

ஒருநாள் அவர் குரலுக்குப் பின்னால் சலூனில் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது. அவள் கேட்காமலேயே அவர் சொன்னார்.

"நம்ம தபால்காரர்தான். ஆஸ்பத்திரியிலேருந்து வந்திருக்கார், தாடி காடா கிடக்கு. எப்படிம்மா திருப்பி அனுப்புறது?"

"பூட்ஸ் எங்க?"

"அதை மாட்டிக்கிட்டு நாற்காலியைச் சுத்தி வர முடியலை."

இன்னொரு இணைப்பு ஒளிர்ந்தது. அதில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். "பயப்படாதீங்கம்மா, ஆள் கிளம்பிட்டாங்க" என்று அவளிடம் சொன்னாள். திரும்பக் கூப்பிட்டபோது அவர் எடுக்கவில்லை.

அன்று வீட்டில் சத்தம் போட்டாள். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார்.

"கொஞ்சம் வலிச்சிருந்தா நானே உட்கார்ந்திருப்பேன். வலிக்காத காலுக்கு எப்படிப் பயப்படுறது? நீயே சொல்லு."

அவள் பூட்ஸை எடுத்துவந்து அவர் காலில் மாட்டிவிட்டாள்.

அடுத்த வாரம் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. பாதம் சிவந்து வீங்கியது. சீழ் எலும்பையும் அரித்திருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தது. கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும், "நகம் வெட்டுற வேலை மிச்சம்" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவரும் அதை மறுபடி சொல்லவில்லை.

அந்தப் புண் ஆற மாதங்கள் பிடித்தன. பிறகு அளவெடுத்துத் தைத்த ஷூ வந்தது. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து சவரம் மட்டும் செய்தார். கடைக்குள்ளும் ஷூவைக் கழற்றவில்லை. தினமும் வீடு திரும்பியதும் அவள் இரண்டு பாதங்களையும் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் ஒற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஷூவுக்குள் கைவிட்டுத் துழாவினாள். டாக்டர் சொன்ன எதையும் இருவரும் விடவில்லை.

அப்படியிருந்தும் ஒரு மாலை இடது குதிகால் சிவந்திருந்தது. புறங்கையை வைத்தாள். சுட்டது.

"இங்க ஏதாவது தெரியுதா?"

"நீ எங்க தொடுறேன்னே தெரியலைம்மா."

மறுநாள் காலையிலேயே போனார்கள். டாக்டர் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"வலது காலைக் காப்பாத்த, பாரத்தையெல்லாம் இதுல போட்டிருக்கீங்க. தோல் இன்னும் கிழியலை. உடனே வந்தது நல்லது. ஆனா கொஞ்ச நாளைக்கு இந்தக் காலையும் தரையில வைக்கக் கூடாது."

"அப்ப எந்தக் காலை வைக்கிறது டாக்டர்?"

அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. டாக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் கையிலிருந்த ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.