மூன்று ஓட்டைத் தகரம்

“உக்காருங்க ஹவில்தார்” என்று ராமலிங்கம் இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் சுப்பிரமணி நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று வருடமாக இந்த வராந்தாவில் அவருக்கென்று போடப்படும் இரும்பு நாற்காலி அது. அதற்கு முன்பு கேட்டுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போவதுதான் வழக்கம். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தால் என்ன, பனிமலையில் காவல் நின்றால் என்ன, ஊருக்குத் திரும்பி வந்தால் காலனிக்காரன் காலனிக்காரன்தான். அவரை அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே கொண்டுவந்தது ஒரு துப்பாக்கி. இப்போது அந்தத் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. மண்ணாங்கட்டி மண்ணுக்குள் இருந்தான்.

முந்தாநாள் விடிந்ததும், ராமலிங்கத்தின் மலையோரக் கொல்லையில் குண்டு பட்டுச் செத்தான் மண்ணாங்கட்டி. சுப்பிரமணிக்குப் பங்காளி முறையில் தம்பி. பம்புசெட் கொட்டகையிலிருந்து எழுபது கெஜம் தள்ளி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவில் மல்லாந்து கிடந்தான். நெஞ்சுக்குழிக்கு நேராக ஒரே ஓட்டை. மல்லாட்டையைத் தோண்டிக்கொண்டிருந்த காட்டுப்பன்றியைச் சுட்டேன், குண்டு ஒதுங்கிப் போய் அவன்மேல் பட்டுவிட்டது என்று ராமலிங்கம் தாமாகவே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்திருந்தார்.

“இன்னைக்கி பத்து மணிக்கு உங்கள விசாரிக்கிறாங்க” என்றார் ராமலிங்கம். “ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. துப்பாக்கிமேல தூரக்கண்ணாடிய யாரு மாட்னது, சரியா இருந்துச்சான்னு. எலெக்ஷன் அப்ப கழட்டுனது, திரும்ப மாட்டிட்டு சுட்டுப் பாக்கல, ஒதுங்கியிருக்கும்னு சொன்னாப் போதும். யாருக்கும் நஷ்டம் இல்ல.”

சுப்பிரமணி அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டின் கம்பிகளைப் பார்த்தார்.

இந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்ததே ஒரு கூத்து. பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் கிடைத்ததும் ராமலிங்கத்துக்கு மிலிட்டரி ரைபிள்தான் வேண்டும் என்று பிடிவாதம். குதிரையை அமுக்கினால் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அடுத்த குண்டு தானாக ஏறிக்கொள்ள வேண்டும். சுப்பிரமணி பட்டாளத்தில் தூக்கிச் சுமந்த எஸ்.எல்.ஆர். அப்படிப்பட்டதுதான். அதை நினைத்தால் வலது தோள் இன்னும் வலிக்கும், வலியிலும் ஒரு பெருமை இருக்கும். “அத சர்க்காரு ஜனங்களுக்குத் தராது சார். குடுத்தாலும் உங்களுக்கு வேணாம். அடுத்த குண்டு தானா வரும்னு தெரிஞ்சா மொத குண்ட ஒழுங்கா சுட மாட்டீங்க” என்று சொல்லி, ஒவ்வொரு தரமும் போல்ட்டை இழுத்துச் சுடும் முந்நூற்றுப் பதினைந்து ரைபிளை வாங்க வைத்தார். அதற்கு மேலே பொருத்தும் தூரக்கண்ணாடியைச் சிங்கப்பூரிலிருந்து ராமலிங்கத்தின் மச்சான் கொண்டுவந்தார். நாலு மடங்கு கிட்டத்தில் காட்டும்.

லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒன்றுகூடுவது தேர்தல் வந்தால்தான். அறிவிப்பு வந்த வாரமே துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். போன மே மாதத் தேர்தலுக்கும் வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர், கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி, துப்பாக்கிகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு நின்றார்கள். வாயால் வடை சுடுவதில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. இரட்டைக்குழல்தான் ராஜா, பன்றி பாய்ந்து வரும்போது கண்ணாடியிலா கண்ணை வைப்பாய் என்றார் ரைஸ்மில்காரர். ஒன்பது மடங்கு காட்டுகிற கண்ணாடிதான் கண்ணாடி, நாலு என்பது குருட்டுக் கிழவனின் மூக்குக்கண்ணாடி என்றார் ஒரு ரிட்டயர்டு தாசில்தார். கடைசியில் எல்லாரும் சுப்பிரமணியைத் திரும்பிப் பார்த்தார்கள். “ஜாஸ்தி காட்னா கை நடுக்கமும் ஜாஸ்தி தெரியும் சார். நூறு கெஜத்துக்கு நாலு போதும். நாலுலயே ஆளு மூஞ்சி நல்லாத் தெரியும்” என்றார். ஏழெட்டுப் பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். அன்றைக்கு அவர் கால் தரையில் படவில்லை என்பதுதான் உண்மை.

லைசென்ஸ் புத்தகத்தில் துப்பாக்கி மட்டும்தான் இருக்கிறது, கண்ணாடி இல்லை, அதற்கு ரசீது போட முடியாது, கழற்று என்று ஸ்டேஷன் ரைட்டர் சொல்லிவிட்டார். கழற்றினார்கள். ஜூன் மாதம் துப்பாக்கி திரும்பி வந்ததும் ராமலிங்கமே கண்ணாடியை மாட்டி, திருகாணியை முடுக்கிக்கொண்டு பன்றிக்குக் கிளம்பிவிட்டார். சுப்பிரமணிதான் தடுத்தார். கழற்றி மாட்டிய கண்ணாடி, கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்த மாப்பிள்ளை மாதிரி; எந்தப் பக்கம் பார்க்கும் என்று சொல்ல முடியாது. எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, நடுவில் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, நூறு கெஜத்தில் கட்டினார். மணல் மூட்டைமேல் துப்பாக்கியைக் கிடத்தினார். முதல் இரண்டு குண்டும் ஒரு சாண் ஒதுங்கி மண்மேட்டில் போய்ப் புதைந்தன. காசை வைத்துக் கண்ணாடியின் திருகாணியைத் திருப்பினார். பிறகு மூன்று குண்டு. மூன்றும் பொட்டுக்குள். ஒற்றை ரூபாயை வைத்தால் மூன்று ஓட்டையும் மறைந்துவிடும். அந்தத் தகரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறைக் கதவில் இருந்த பொத்தலுக்கு ஆணியடித்தார். பொத்தலை அடைக்க ஓட்டைத் தகரமா என்று மனைவி காசியம்மாள் சிரித்தாள். அவருக்கு அது மெடல்.

“அந்தத் தகரம் இன்னும் இருக்கா?” என்றார் ராமலிங்கம். எதையும் மறக்காத மனிதர்.

“இருக்கு சார்.”

“எடுத்துக் கெணத்துல போட்ருங்க. லைசென்ஸ் இல்லாம அடுத்தவன் துப்பாக்கிய எடுத்துச் சுட்டிருக்கீங்க. அதுக்கே கேஸ் உண்டு, தெரியுமில்ல? நான் அத யாருகிட்டயும் சொல்லல.” குரலை இறக்கினார். “வேதாவுக்கு நம்ம ஸ்கூல்ல இந்த மாசமே பர்மனென்ட் ஆர்டர் போட்டுர்லாம்னு இருக்கேன். நல்லா சொல்லித்தருதாம் பொண்ணு.”

வேதா சுப்பிரமணியின் ஒரே மகள்.

“சார், பன்னி எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“அவனுக்கு ரெண்டு ஆள் நீளம் தள்ளி. வலப்பக்கம்.”

ரெண்டு ஆள். எழுபது கெஜத்தில் அந்தத் துப்பாக்கி ரெண்டு விரல்கூட ஒதுங்காது. அது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது ராமலிங்கத்துக்கும் தெரியும். சுடுகாட்டுப் பாதை இந்தக் கொல்லை வழியாகத்தான் போகிறது, அதை ராமலிங்கம் அடைத்து மல்லாட்டை போட்டுவிட்டார் என்று மண்ணாங்கட்டி நாலு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தான். அளக்க வருகிறார்கள் என்று போன வாரம்தான் தகவல் வந்தது. இத்தனை நாளும் சுப்பிரமணி பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டி, இங்கே நாற்காலியிலும் அங்கே காலனிப் பந்தியிலும் உட்கார்ந்து வந்தார். மண்ணாங்கட்டியின் பிணத்தை நேற்று ஏரிக்கரையைச் சுற்றி, இரண்டு மைல் சுமந்து கொண்டுபோனார்கள். சுப்பிரமணியும் தோள் கொடுத்தார். துப்பாக்கி உதைத்த அதே தோள்.

எழுந்து வீட்டுக்கு வந்தார். வாசலில் காசியம்மாளோடு ஜோதியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மண்ணாங்கட்டியின் மனைவி. அழுது முடித்த முகம். அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

“மாமா, ஒன்னு கேக்கணும்.”

“கேளும்மா.”

“அந்தக் கண்ணாடில பாத்தா, எதுர்ல இருக்கிறது மனுசனா பன்னியான்னு தெரியுமா?”

காசியம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சுப்பிரமணி வாயைத் திறந்தார். நாலுலயே ஆளு மூஞ்சி நல்லாத் தெரியும் என்று வேப்பமரத்தடியில் சொன்ன அதே வாய்.

“பச்சத் துண்டு போட்டுனு போனாரு மாமா. விடிஞ்சிருச்சு. வாசல் தெளிச்சுட்டு நான்தான் டீத்தண்ணி வெச்சுக் குடுத்து அனுப்பினேன்.”

“தெரியும்மா” என்றார் சுப்பிரமணி. அதற்கு மேல் நிற்க முடியவில்லை. பின்பக்கம் போனார். குளியலறைக் கதவுக்கு உள்ளே இருட்டாக இருந்தது. தகரத்தின் வழியாக வந்த வெயில், எதிர்ச் சுவரில் மூன்று பொட்டாக, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு விழுந்திருந்தது. இத்தனை நாள் குளிக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டவர் அவர். தன்மேலேயே அவருக்குக் காறித்துப்பத் தோன்றியது. குறடு எடுத்து ஆணியைப் பிடுங்கினார். பின்னால் கிணறு இருந்தது. கிணற்றடியில் தகரத்தோடு கொஞ்ச நேரம் நின்றார்.

“வேதாவ நெனச்சுக்குங்க” என்றாள் காசியம்மாள், பின்னால் வந்து. பிறகு அவளே, “ஜோதி வாசல்லியேதான் நிக்கிறா” என்றாள்.

ஒன்பதரை மணிக்கு ராமலிங்கத்தின் ஜீப் தெருமுனையில் ஹாரன் அடித்தது. சுப்பிரமணி ஏறிக்கொண்டார். சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி தகரம் இருந்தது. ஐப்பசிப் பௌர்ணமி. கிரிவலம் வந்த ஜனம் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தது. ஜீப் குலுங்கியபோதெல்லாம் தகரத்தின் விளிம்பு அடிவயிற்றில் கீறியது. முன்சீட்டில் இருந்த ராமலிங்கம் ஜனத்தைப் பார்த்து, “அண்ணாமலையாரே” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் அவசரத்தில் இருந்தார். பந்தோபஸ்துக்குப் போக வேண்டும், தொப்பிகூட மேசைமேல் தயாராக இருந்தது. ராமலிங்கத்துக்கு நாற்காலி வந்தது. சுப்பிரமணிக்கு வரவில்லை.

“நீதான் அந்த மிலிட்டரியா? கண்ணாடி ஒதுங்கியிருந்துச்சுன்றாரு. அப்டித்தான?”

சுப்பிரமணி சட்டைப் பொத்தானைக் கழற்றி, தகரத்தை உருவி மேசைமேல் வைத்தார். ஓரத்தில் கொஞ்சம் ரத்தம் இருந்தது.

“இது ஜூன் மாசம் நான் சுட்டது சார். நூறு கெஜம்.”

ராமலிங்கம் திரும்பவே இல்லை. இன்ஸ்பெக்டர் தகரத்தைப் பார்த்தார், ராமலிங்கத்தைப் பார்த்தார். குடித்துக்கொண்டிருந்த டீ கிளாசைத் தகரத்தின் நடுவில் வைத்தார். மூன்று ஓட்டையும் கிளாசுக்கு அடியில் போய்விட்டன. பேனா மூடியைத் திறந்து, காகிதத்தை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சுட்டுப் பாக்கலன்னு எழுதிக்கிறேன்” என்றார்.

சுப்பிரமணி கையை நீட்டி டீ கிளாசைத் தூக்கித் தள்ளி வைத்தார். தகரத்தில் வட்டமாக ஈரம் படிந்திருந்தது. அதற்கு நடுவில் மூன்று ஓட்டையும் இருந்தன.